நொய்யல் ஆறும் அதன் கரைத் தொழில்களும்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் கடன், விதை, எரு, விளைபொருள் விற்பனை முதலியவற்றைக் குறித்துக் கற்றுக்கொள்வது இயல்பே. ஓர் ஆற்றின் பூகோளத்தையும் சரித்திரத்தையும் அறிவதால் அவர்களுக்கு விளையும் பயன் யாது என்று சிலர் வினவக்கூடும். அதற்கு விடை எளிது. ஆற்றுநீர் எந்தத் தனி மனிதருக்கும் முழு உடைமையன்று. மேல்மடையில் உள்ளவர் செய்யும் காரியம் கடைமடையில் உள்ளவரின் வயலுக்கும் கிணற்றுக்கும் வந்து சேருகின்றது. ஆகவே ஆற்றங்கரையில் வாழும் மக்கள் அனைவரும், தாங்கள் அறிந்தோ அறியாமலோ, ஒரே சங்கத்தின் அங்கத்தினர்களாகவே இருக்கின்றனர். அச்சங்கத்தின் கணக்கு ஒழுங்காக இருந்த காலத்தில் ஆறு எவ்வாறு இருந்தது, கணக்குத் தவறிய காலத்தில் என்ன நேர்ந்தது, பின்னர் அது எவ்வாறு ஓரளவு சீர்செய்யப்பட்டது என்பவற்றைக் கொங்கு நாட்டின் நொய்யல் ஆற்றைக்கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. ஆற்றின் போக்கு

நொய்யல் காவிரியின் உபநதிகளுள் ஒன்று. வடக்கே பவானிக்கும் தெற்கே அமராவதிக்கும் இடைப்பட்ட நிலத்தின் மழைநீரை இது வாங்கிச் செல்கின்றது. கோயம்புத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றும் சின்னாறு, பெரியாறு முதலிய ஓடைகள் போளுவாம்பட்டிப் பள்ளத்தாக்கில் ஒன்றுகூடி இவ்வாறாகின்றன. அங்கிருந்து கிழக்கு நோக்கிப் பேரூர், கோயம்புத்தூர், சூலூர், மங்கலம், திருப்பூர் ஆகிய ஊர்களைக் கடந்து, கொடுமுடிக்குக் கீழே நொய்யல் என்னும் பெயருடைய கிராமத்துக்கு அருகில் காவிரியில் கலக்கின்றது. இதன் நீளம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர், அதாவது சுமார் 110 மைல். இதற்கு நீர் தரும் நிலப்பரப்புச் சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். காஞ்சிமாநதி என்பது இதன் பழம்பெயர். பேரூர்ப் பட்டீசுவரர் ஆலயம் இதன் கரையிலேயே உள்ளது.

இன்றைய ஜில்லாப் பிரிவின்படி கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகிய நான்கு ஜில்லாக்கள் இவ்வாற்றோடு சம்பந்தப்பட்டவை. ஈரோடு 1979-லும், கரூர் 1995-லும், திருப்பூர் 2009-லும் தனி ஜில்லாக்களாயின. அதிகார எல்லைகள் பலவாறு மாறின. ஆற்றின் எல்லையோ மாறவில்லை. மேலே ஒரு ஜில்லாவில் விடப்படும் நீர் கீழே மற்றொரு ஜில்லாவில் பாய்கின்றது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வாற்றின் குணத்தை அறிவதற்கு மழையின் அளவை அறிதல் அவசியம். தென்மேற்குப் பருவக்காற்று மலையுச்சியில் மிகுந்த மழையைக் கொட்டிவிடுகின்றது. மலைக்குக் கிழக்கே உள்ள சமவெளிக்குச் சேருவது சொற்பமே. கோயம்புத்தூரிலும் அதற்குக் கிழக்கேயும் வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் 25 அங்குல மழைதான் பெய்கின்றது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றினால் வருவது. ஆகவே நொய்யலில் மலையில் மழை பெய்தால் திடீரென்று வெள்ளம் வரும். சில தினங்களில் வடிந்துவிடும். மற்ற மாதங்களில் மணலே தெரியும். இத்தகைய ஆற்றில் எப்பொருள் கலந்தாலும் அதனை அடித்துக்கொண்டு போவதற்குப் போதிய நீர் வருஷம் முழுவதும் இராது. பின்னர் விளைந்த துன்பத்துக்கு இதுவே அடிப்படை.

2. அணைகளும் குளங்களும்

சில தினங்களில் ஓடிப்போகும் வெள்ளத்தைப் பல மாதங்களுக்குப் பயன்படச் செய்வது எவ்வாறு? நம் முன்னோர் இதற்குக் கண்ட உபாயம் மிகச் சிறந்தது. ஆற்றின் குறுக்கே தாழ்ந்த கல்லணைகளைக் கட்டினர். ஒவ்வோர் அணையிலிருந்தும் ஒரு வாய்க்கால் பிரிந்து ஒன்று அல்லது பல குளங்களை நிரப்பியது. குளம் நிரம்பினால் மிகுதி நீர் கலிங்கு வழியாக அடுத்த குளத்துக்கோ மீண்டும் ஆற்றுக்கோ சென்றது. இவ்வாறு இருபதுக்கு மேற்பட்ட அணைக்கட்டுகளும், அவற்றால் நீர்பெறும் முப்பதையொட்டிய குளங்களும் நொய்யலில் அமைந்தன. சித்திரைச்சாவடி, குனியமுத்தூர், குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர் முதலிய அணைக்கட்டுகளையும், நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சூலூர்க்குளம் முதலிய குளங்களையும் அப்பக்கத்தார் நன்கறிவர்.

இவ்வமைப்பில் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, அணை தாழ்ந்ததாகையால் மேலுள்ளவர் ஆற்றை முழுவதும் மறிக்க இயலாது. மிகுந்த நீர் அணையின் மேல் வழிந்து கீழுள்ளவருக்குச் செல்லும். இரண்டாவது, வெள்ளம் பல குளங்களிலும் பகிர்ந்து தங்குவதால் ஊர்கள் அழிவினின்று காக்கப்பட்டன. மூன்றாவது, குளத்தில் தங்கிய நீர் நிலத்தில் ஊறிச் சுற்றுப்புறக் கிணறுகளுக்கு ஊற்றாயிற்று. பேரூர்ப் பக்கத்தில் நெல்லும் கரும்பும் பயிராயின. கிழக்கே செல்லச் செல்லக் கிணற்றுப் பாசனமே முக்கியம். கவலை ஏற்றம் பூட்டி எருதுகளைக் கொண்டு நீர் இறைத்துச் சோளம், கம்பு, பருத்தி ஆகியவற்றைப் பயிரிட்டனர். காங்கயம் பக்கத்தில் கொழுக்கட்டைப் புல் வளரும் கொரங்காடுகளில் பெயர்பெற்ற காங்கயம் மாடுகள் மேய்ந்தன.

இக்குளங்களும் வாய்க்கால்களும் தாமாக நிலைத்து நிற்பன அல்ல. வண்டல் எடுக்கவேண்டும்; கரை பலப்படுத்தவேண்டும்; மதகு பார்க்கவேண்டும். ஆயக்கட்டுக்காரர் அனைவரும் தத்தம் நிலத்துக்கேற்ப ஆளும் உழைப்பும் கொடுத்து இவ்வேலையைச் செய்துவந்தனர். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். 1858-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் இதற்காக ஒரு சட்டமே இயற்றப்பட்டது. சட்டத்தின் பலத்தைக் காட்டிலும் ஊராரின் ஒப்புதலே இம்முறையைக் காத்தது எனலாம். பங்கு உடையவர் உழைப்பும் உடையவர் என்பதே இதன் தத்துவம். நமது சங்கங்களின் தத்துவமும் அதுவேயன்றோ?

3. பண்டைக்காலத் தொழில்கள்

நொய்யற்கரை தொழிலுக்குப் புதிதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றே அகன்ற வழி. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கரூருக்கும் அதற்கப்பாலும் செல்லும் வியாபாரிகள் அக்கணவாய் வழியாக வந்து நொய்யலை அடுத்தே பிரயாணம் செய்தனர். கோயம்புத்தூருக்கு அருகில் ஆற்றையொட்டிய வெள்ளலூரில் 1842-ஆம் வருஷத்தில் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளான அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோர் காலத்து வெள்ளி நாணயங்கள் புதையலாகக் கிடைத்தன.

ஆற்றின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே, கொடுமணல் என்னும் கிராமம் இருக்கின்றது. 1985 முதல் அங்கே பல முறை அகழ்வாராய்ச்சி நடைபெற்றுள்ளது. இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு செய்யப் பயன்பட்ட மூசைகளும், நூல் நூற்கும் தக்களியின் மண் வில்லைகளும், பலவகைக் கல்மணிகளும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் அங்கே கிடைத்தன. மணி செய்யும் தொழிலில் எல்லாப் படிகளையும், அதாவது உடைத்த கல், பாதி தேய்த்த மணி, துளையிடாத மணி, முடிந்த மணி ஆகியவற்றை, ஒரே இடத்தில் காண முடிந்தது. காங்கயத்துக்கு அருகிலுள்ள படியூரில் பெரில் என்னும் நீலப்பச்சைக் கல் கிடைப்பது பிரசித்தம். சங்க நூலாகிய பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று கூறப்பட்ட ஊர் இதுவே என்பது அறிஞர் கருத்து.

ஆகவே சுமார் 2,000 வருஷங்களுக்கு முன்னரே இக்கரையில் இரும்பும் மணியும் நூலும் செய்யப்பட்டு அயல்நாடு சென்றன. ஆயினும் அத்தொழில்களுள் எதுவும் பெருவாரியான நீரை உட்கொண்டு கெடுத்து வெளியே விடும் தொழிலன்று. ஆறு அவர்களுக்கு வழியாகவும் குடிநீராகவும் உதவிற்று. நீரையே தொழிலின் முக்கியக் கருவியாகக் கொள்ளும் காலம் பின்னரே வந்தது.

4. பருத்தியும் ஆலைகளும்

கொங்கு நாட்டின் கரிசல் மண் பருத்திக்கு ஏற்றது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை இட்ட இருப்புப்பாதை 1862-ஆம் வருஷத்தில் பூர்த்தியாயிற்று. திருப்பூரும் போத்தனூரும் அப்பாதையில் அமைந்தன. பருத்தி மூட்டைகளைத் தூரதேசங்களுக்கு அனுப்புவது அதனால் எளிதாயிற்று. 1888-ஆம் வருஷத்தில் கோயம்புத்தூரில் முதலாவது நூல் ஆலை நிறுவப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்து வருஷங்களில் கம்போடியாப் பருத்தி என்னும் நீண்ட இழைப் பருத்தி இம்மாகாணத்தில் பரவியது. கிணற்றுப் பாசனத்தில் அது நன்கு விளைந்ததால் கோயம்புத்தூர் ஜில்லாவில் பெரிதும் பயிரிடப்பட்டது.

ஆலைகள் வேகமாகப் பெருகியதற்கு மற்றொரு காரணம் மின்சாரம். நீலகிரியில் பைக்காரா நீர்வீழ்ச்சித் திட்டம் 1932-ஆம் வருஷத்தில் மின்சாரம் தரத் தொடங்கியது. நிலக்கரி கிடைக்காத நாட்டில் மலிவான சக்தி கிடைத்தவுடன் கோயம்புத்தூரிலும் சுற்றுப்புறங்களிலும் நூல் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. குடியானவர்கள் பலர் பருத்தி விற்று ஈட்டிய பணத்தை அரைவை ஆலைகளிலும் நூல் ஆலைகளிலும் முதலீடு செய்தனர். கிணறுகளில் கவலை ஏற்றத்துக்குப் பதிலாக மின்சார பம்புகள் ஓடத் தொடங்கின. இதனால் நிலத்தடி நீர் முன்னிலும் வேகமாக இறைக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

திருப்பூர் இதே காலத்தில் வேறு வழியில் வளர்ந்தது. 1920-களில் அது கதர் உற்பத்திக்குப் புகழ்பெற்ற கேந்திரமாயிற்று. பின்னர்ப் பின்னலாடை இயந்திரங்கள் வந்தன. உள்ளாடை பின்னும் பட்டறைகள் மெல்ல மெல்லப் பெருகின. பின்னிய துணியை வெண்மையாக்குவதற்குச் சலவை வேண்டும். சலவைக்கு நீர் வேண்டும். நொய்யலும் அதன் கரைக் கிணறுகளும் அந்நீரைத் தந்தன. வெள்ளை உள்ளாடை ஒன்றே செய்துவந்த வரையில் தீங்கு வெளிப்படையாகத் தோன்றவில்லை.

5. சாயமும் உப்பும்

1970-களின் பிற்பகுதியிலிருந்து திருப்பூர்ப் பின்னலாடைகள் ஐரோப்பா முதலிய அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கின. அயல்நாட்டார் கேட்டவை வர்ண உடைகள். ஆகவே சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் ஏற்பட்டன. பிற்காலத்தில் அவற்றின் தொகை 700-க்கு மேற்பட்டது. இலட்சக்கணக்கான ஆண்களும் பெண்களும் அவ்வூரின் தொழிலால் ஜீவனம் செய்தனர். வானம் பார்த்த பூமியை உழுது கடன்பட்ட குடும்பங்கள் பல அத்தொழிலினால் தலைநிமிர்ந்தன. இதனை மறைத்துக் கூறுவது நியாயமாகாது.

இனி, சாயம் தோய்க்கும் முறையைச் சிறிது அறிந்துகொள்ளவேண்டும். பருத்தித் துணிக்குப் பெரும்பாலும் உபயோகிக்கப்படும் சாயம் நீரில் கரைந்து நிற்பது. நீரைவிட்டு நூலில் ஏறும்படி அதனைத் தள்ளுவதற்கு உப்புச் சேர்க்கின்றனர். சாதாரண உப்போ அல்லது சோடியம் சல்பேட் என்னும் உப்போ இதற்கு உதவும். வெளிறிய நிறமாயின் லிட்டருக்குச் சுமார் 20 அல்லது 30 கிராமும், அடர்ந்த நிறமாயின் 60 முதல் 100 கிராம் வரையிலும் வேண்டும். ஆயிரம் கிலோ துணிக்குப் பத்தாயிரம் லிட்டர் சாயநீர் எனவும், லிட்டருக்கு 60 கிராம் உப்பு எனவும் வைத்துக்கொண்டால், 600 கிலோ உப்பாகும். அதாவது 50 கிலோ மூட்டை பன்னிரண்டு.

இவ்வுப்பு துணியில் தங்குவதில்லை என்பதே முக்கியமான விஷயம். சாயம் நூலில் ஏறுகின்றது. உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியே வருகின்றது. கழிவுநீரில் சுண்ணாம்பும் வேறு சில மருந்துகளும் இட்டுத் தெளியவைத்தால் நிறம் குறையும்; கசடு அடியில் படியும். கண்ணுக்குத் தெளிந்த நீராகத் தோன்றும். ஆயினும் கரைந்த உப்பு அப்படியே இருக்கும். நிறத்தைக் கண்டு அஞ்சியவர்கள் நிறமற்ற உப்பைக் கண்டு அஞ்சவில்லை.

திருப்பூர்ப் பட்டறைகளிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 8 கோடி லிட்டர் அளவில் கழிவுநீர் வெளிவந்தது. லிட்டருக்கு 5 கிராம் உப்பு என்று குறைவாக மதிப்பிட்டாலும் நாளொன்றுக்கு 400 டன் ஆகின்றது. பத்து டன் ஏற்றும் லாரிகளில் நாற்பது லாரி உப்பைத் தினந்தோறும் ஒரு சிற்றாற்றின் மணலில் கொட்டினால் என்ன நேருமோ அதுவே நேர்ந்தது. வெள்ளம் வந்த சில தினங்கள் நீங்க, மற்றக் காலமெல்லாம் ஆற்றில் ஓடியது கழிவுநீரே.

ஊரில் நல்ல நீர் குறைந்தபோது, பட்டறைகளுக்குச் சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரிகளில் நீர் விலைக்கு வாங்கி வந்தனர். இவ்வாறு கிராமத்தின் நல்ல நீர் நகரத்துக்குச் சென்றது; நகரத்தின் உப்புநீர் கிராமத்துக்கு வந்தது.

6. ஒரத்துப்பாளையம் அணை

திருப்பூருக்குக் கீழே, சென்னிமலையை அடுத்த பகுதியில், ஒரத்துப்பாளையம் என்னுமிடத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டு 1992-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்டது. ஈரோடு, கரூர்ப் பக்கங்களில் 10,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு நீர் தருவது அதன் நோக்கம். ஆனால் சில வருஷங்களுக்குள்ளேயே அணையில் தேங்கியது பாசனத்துக்கு உதவாத நீர் என்பது வெளிப்பட்டது. மேலேயிருந்து வந்த உப்பும் சாயக் கசடும் அங்கே தங்கின. தேங்கிய நீர் பூமியில் ஊறி அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் கெடுத்தது. அணையைத் திறந்தால் கீழுள்ளவருக்குத் தீங்கு. மூடிவைத்தால் பக்கத்திலுள்ளவருக்குத் தீங்கு. நீரைத் தேக்குவதற்காகக் கட்டிய அணையைக் காலியாக வைக்கும்படி விவசாயிகளே கேட்கவேண்டிய நிலைமை உண்டாயிற்று.

உப்பு நீர் நிலத்தைக் கெடுக்கும் விதம் இருவகைப்படும். முதலாவது, மண்ணீரில் உப்பு மிகுந்தால் வேர் அந்நீரை உறிஞ்ச இயலாது. மண் ஈரமாக இருக்கும்போதே பயிர் வாடும். இரண்டாவது, உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் பொலபொலப்பை அழித்து மண்ணை இறுகச் செய்யும். காற்றும் நீரும் உட்செல்லா. பின்னர் எவ்வளவு எரு இட்டாலும் பயன் குன்றும். கெட்ட மண்ணைத் திருத்த ஜிப்சமும், உப்பைக் கழுவிவிட ஏராளமான நல்ல நீரும், அந்நீர் வடிய வடிகாலும் வேண்டும். நல்ல நீரே இல்லாத இடத்தில் இவ்வைத்தியம் எவ்வாறு கைகூடும்?

7. கீழ்மடையார் ஒன்றுசேர்ந்தது

ஒரு விவசாயி தனியாக நின்று எந்தப் பட்டறையின் மேல் குறைகூற முடியும்? 700 பட்டறைகளுள் தன் கிணற்றைக் கெடுத்தது இன்னதென்று காட்டுவது எவராலும் ஆகாது. ஒவ்வொரு பட்டறையும் தன் கழிவு சொற்பம் என்று கூற இடமிருந்தது. ஆகவே பரிகாரம் தேட வேண்டுமாயின், நஷ்டப்பட்டவர் அனைவரும் சேர்ந்து நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

அவர்கள் அவ்வாறே செய்தனர். நஷ்டத்தை மதிப்பிடுவதற்குச் சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவின் பேரில் ஏற்படுத்தப்பட்ட அதிகார சபை விசாரணை நடத்தி, 2004-ஆம் வருஷத்தில் 28,000-க்கு மேற்பட்ட விவசாயிகளுக்கு நஷ்டஈடு தரவேண்டுமெனத் தீர்மானித்தது. இதற்கு முன்னரே, 2003-ஆம் வருஷத்தில், நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தார் சென்னை ஹைகோர்ட்டில் மனுச் செய்திருந்தனர். 2006-ஆம் வருஷம் டிசம்பரில் ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. கழிவுநீர் ஒரு துளியும் ஆற்றில் விடப்படலாகாது என்பதே அதன் சாரம். வழக்குச் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. அக்கோர்ட்டும் 2009-ஆம் வருஷம் அக்டோபரில் அத்தீர்ப்பை ஒட்டியே உத்தரவிட்டுத் தவணை கொடுத்தது. தவணை கடந்தும் கழிவு நிற்காமையால், 2011-ஆம் வருஷம் ஜனவரி 28-ஆம் தேதி, திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி ஹைகோர்ட்டு ஆணையிட்டது.

பட்டறைகள் மூடப்பட்டபோது தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். துணிக்குச் சாயம் ஏற்ற வேறு ஊர்களைத் தேடியவரும் உண்டு. முன்பு கீழ்மடை விவசாயியின் தலையில் விழுந்த பாரம் இப்போது தொழிலாளியின் தலையில் விழுந்தது. குற்றத்தில் மிகக் குறைந்த பங்குடையவர் இருவருமே மிகுந்த துன்பம் அடைந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

8. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்

உப்பை நீரினின்று பிரிக்கும் உபாயம் இல்லாமலில்லை. முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சுத்தி செய்கின்றனர். பின்னர் மிகுந்த அழுத்தத்தில் மெல்லிய சவ்வின் வழியே நீரைச் செலுத்துகின்றனர். நல்ல நீர் சவ்வைக் கடந்து வரும். உப்புச் செறிந்த நீர் பின்தங்கும். அச்செறிந்த நீரைக் காய்ச்சி ஆவியாக்கி உப்பைத் திரும்ப எடுக்கலாம். அல்லது உப்புக் கரைசலாகவே மீண்டும் சாயத்தொட்டியில் உபயோகிக்கலாம். நல்ல நீரும் பட்டறைக்கே திரும்புகின்றது. ஆற்றுக்கு எதுவும் போகவேண்டியதில்லை.

ஆனால் இதற்குச் செலவு அதிகம். சிறிய பட்டறைக்காரர் தனித்தனியே இவ்வியந்திரங்களை வைத்தல் அரிது. ஆகையால் பல பட்டறைக்காரர்கள் பங்கு சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை ஏற்படுத்தினர். முன்னர் நிறத்தை மட்டும் நீக்கிய அந்நிலையங்கள், உப்பையும் நீக்குமாறு திருத்தப்பட்டன. தமிழ்நாடு அரசாங்கம் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்து உதவிற்று. நிபந்தனைகளை நிறைவேற்றிய நிலையங்கள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. ஒவ்வொரு பட்டறையும் தான் அனுப்பும் கழிவின் அளவுக்கேற்பக் கட்டணம் செலுத்துகின்றது. உப்பையும் நீரையும் வீணாக்கினால் தன் கைப்பணம் போகும் என்று கண்டபின், குறைந்த நீரில் சாயம் ஏற்றும் இயந்திரங்களையும் பலர் நாடினர்.

இதனால் ஆறு முற்றும் தூய்மையடைந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. நகரங்களின் சாக்கடை நீர் இன்னும் ஆற்றிலும் குளங்களிலும் கலக்கின்றது. திருட்டுத்தனமாகக் கழிவு விடுவோரும் அவ்வப்போது பிடிபடுகின்றனர். பல வருஷங்களாக மண்ணில் ஏறிய உப்புச் சில வருஷங்களில் நீங்குவதன்று. எனினும் சீர்கேட்டுக்கு எல்லை கட்டப்பட்டது உண்மை.

9. நாம் அறியவேண்டியவை

மேற்கூறிய சரித்திரத்தில் ஒரே உண்மை மீண்டும் மீண்டும் காணப்படுகின்றது. அணையும் குளமும் இருந்த முறையில், நீரை எடுத்தவர் அதனைக் காக்கும் உழைப்பிலும் பங்கு கொடுத்தனர். வரவும் செலவும் ஒரே கணக்கில் இருந்தன. சாயத்தொழில் வளர்ந்த காலத்தில் துணியின் விலையும், சாயத்தின் விலையும், கூலியும் பேரேட்டில் எழுதப்பட்டன. கெட்ட கிணற்றின் விலை எவருடைய பேரேட்டிலும் எழுதப்படவில்லை. எழுதாததால் அச்செலவு இல்லாமற் போகவில்லை. அதனைக் கீழ்மடையார் செலுத்தினர். கழிவின் செலவு பட்டறையின் கணக்கில் ஏறிய பின்னரே சீர்திருத்தம் தொடங்கியது.

சங்கங்களுக்கு இதில் நேரான பாடம் உண்டு. நெசவாளர் சங்கமாயினும், பால் சங்கமாயினும், அரைவை ஆலை நடத்தும் விற்பனைச் சங்கமாயினும், ஒரு புதிய தொழிலைத் தொடங்குமுன் அதன் கழிவு எங்கே செல்லும், அதனைச் சுத்தி செய்ய எவ்வளவு செலவாகும், அச்செலவை யார் கொடுப்பார் என்று கணக்கிடவேண்டும். அச்செலவையும் சேர்த்து லாபம் தருமாயின் அதுவே நல்ல தொழில். அச்செலவை நீக்கினால் மாத்திரம் லாபம் தருமாயின், அந்த லாபம் பக்கத்து ஊராரிடமிருந்து கேளாமல் வாங்கிய கடனே ஆகும். சங்கத்தில் கடனுக்குத் தவணையும் ஜாமீனும் உண்டு. ஆற்றின் வழியாக வாங்கிய கடனுக்கு அவை இரண்டும் இல்லை.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. நமது ஊருக்கு நீர் எந்த ஓடை, குளம் அல்லது ஆற்றிலிருந்து வருகின்றது? அதற்கு மேலே உள்ள ஊர்கள் யாவை?

2. நமது ஊரிலிருந்து வெளியேறும் நீர் எந்த ஊருக்குச் செல்கின்றது? அவ்வூராருடன் நமது சங்கம் எப்போதாவது கலந்து பேசியதுண்டா?

3. நமது குளத்தின் வரத்து வாய்க்காலும் கலிங்கும் எந்நிலையில் உள்ளன? கடைசியாக வண்டல் எடுத்தது எப்பொழுது?

4. நமது கிணற்றுநீரைக் கடைசியாகப் பரிசோதித்தது எப்பொழுது? கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் குடிநீருக்கு உத்தமம். வேறு நீர் கிடையாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது விதி. நமது கிணறுகள் இவற்றுள் எப்பகுதியைச் சேர்ந்தவை?

5. நமது சங்கம் நடத்தும் தொழிலில் உண்டாகும் கழிவுக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஏதேனும் தொகை ஒதுக்கப்பட்டுள்ளதா? இல்லையெனின், அச்செலவை இப்போது செலுத்துபவர் யார்?